கைகளின் மேல் உட்கார்ந்திருந்தவள்

என் மகள் சரசு முதன்முதலாகக் கைதட்டியது எனக்கு இல்லை, எதிர்வீட்டுக்காரிக்கு. குவளையை இரண்டு கையாலும் பிடித்துத் தானே தண்ணீர் குடித்ததும் எதிர்வீட்டில்தான். டப்பாவின் மூடியைத் திறக்கவும் திரும்ப மூடவும் பழகியதும் அங்கேதான். பெற்றவள் நான், பார்த்தவள் அவள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எரியட்டும், இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்!

அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனால் பேனாவைப் பிடித்தால் அவள் என்றுதான் வருகிறது. நேரில் 'காக்' என்று கூப்பிடுவேன். மலாயில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் என்னை 'அடிக்' என்பாள், தங்கச்சி என்று. பெயரை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் இன்னும் உயிரோடு இருக்கிற கிழங்கள் எல்லாம், "அடடா, அந்தம்மாவா! தங்கமான மனுஷியாச்சே!" என்று ஆரம்பித்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

மெர்டேக்கா, அதான் மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் அது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்தவள். என் வீட்டுக்காரருக்குப் பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடையில் வேலை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை, பாவாடை, தலையணை உறை என்று தைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டார், பல தலைமுறைக்கு முன்னாலேயே மலாக்காவில் குடியேறிவிட்ட செட்டி மக்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள். பேச்சு மட்டும் மலாய். அவள் கெபாயா சட்டையும் சாரோங்கும் கட்டி, கொண்டையில் ஊசி குத்திக்கொண்டு கோயிலுக்குப் போவாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் நாலைந்து சமையல் சாமான்களும்தான். எனக்குத் தெரிந்தது கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய். அதை வைத்துத்தான் நாங்கள் பேசினோம், சிரித்தோம், சண்டையும் போட்டோம். இங்கே அதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

ஒருநாள் தலையணை உறைக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போது சரசுவுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. பழைய சேலையைக் கிழித்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் இன்னொரு முனையைக் கட்டில் காலிலும் கட்டியிருந்தேன். உடனே என்னைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். தைக்கிறவள் வீட்டில் தரையெல்லாம் ஊசி, கொக்கி, பித்தான். பிள்ளை தவழ்ந்து வந்து எதை எடுத்து வாயில் போடும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டோடு மெஷின் மிதிக்கிற பொம்பளைகள் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள்.

அவள் சேலைக் கயிற்றைப் பார்த்தாள். துணியைக் கொடுத்துவிட்டு, "காலையில என்கிட்ட விடு அடிக். என் பிள்ளைங்க மூணும் ஸ்கூலுக்குப் போயிடுது. மத்தியானம் வரைக்கும் நான் பார்த்துக்கிறேன். எங்க வீட்டுல ஊசி கிடையாது," என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். மெர்டேக்கா வருகிறது என்று ஊரே புதுத்துணி எடுத்துக்கொண்டிருந்த நேரம். தையல் மலைபோல் குவிந்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். மத்தியானம் கூட்டிவரப் போனபோதுதான் அவள் பிள்ளை பார்க்கிற லட்சணத்தைக் கண்டேன்.

அடுக்களைக்குப் பின்னால், தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய தெம்பாயான் ஜாடிக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்த சிமிட்டித் தரை. அதில் சரசு உட்கார்ந்து ஒரு பால் டின்னை மரக்கரண்டியால் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே ஒரு மணையில் அவள். இரண்டு கைகளையும் தன் தொடைக்குக் கீழே செருகி, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள்! ஆடவில்லை, பாடவில்லை, "என் கண்ணே, என் ராசாத்தி" என்று ஒரு வார்த்தை கிடையாது. கண் மட்டும் பிள்ளை மேல். கரண்டி சரசுவின் கையிலிருந்து நழுவி உருண்டு போனது. நான் எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

"பியார், அடிக், பியார்," என்றாள். விடு, இருக்கட்டும் என்று அர்த்தம்.

சரசு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, தவழ்ந்து, கரண்டியை எட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை யாரிடம் காட்டினாள் என்கிறீர்கள்? பெற்றவள் வாசலில் நிற்கிறேன், என்னைத் தாண்டி அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"கைக்கு என்ன காக்? அடிபட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. இதை வெளியில விட்டா சும்மா இருக்காது. பிள்ளை செய்யிறதுக்கு முன்னாடி இது ஓடிப்போய் செஞ்சிடும்," என்றாள்.

அவள் ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சி நான் பார்த்ததில்லை. எழுந்து அடுப்புக்குப் போக வேண்டுமென்றால் சரசுவும் பின்னாலேயே தவழ்ந்து போக வேண்டியதுதான். அதற்காக அசட்டையாக இருந்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. வாசலில் மீன்காரன் தொண்டை கிழியக் கத்தினாலும் தலையைத் திருப்ப மாட்டாள். "நாளைக்கு வா," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போடுவாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் மீன் கிடையாது.

கொடுக்கிற சாமானெல்லாம் அவள் பரீட்சை வைத்துத்தான் கொடுப்பாள். பால் டின்னின் விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கம் தட்டி மடக்கி, தன் கன்னத்தில் வைத்து ஒரு சுற்றுத் தேய்த்துப் பார்ப்பாள். கொட்டாங்கச்சியை மணல் போட்டுத் தேய்த்து, உதட்டில் வைத்துப் பார்ப்பாள். அடுப்படி ஆணியில் ஒரு சின்ன வெள்ளிக் காப்பு தொங்கியது, அவள் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்டது. கெட்டியான எந்தச் சாமானாக இருந்தாலும் அந்தக் காப்புக்குள் விட்டுப் பார்ப்பாள். உள்ளே நுழைந்தால் அது மேல் பலகைக்குப் போய்விடும், நுழையாவிட்டால்தான் பிள்ளை கைக்கு வரும். துணிக் கீற்றுகளை டின்னுக்குள் திணித்து இழுக்க விடுவாள், ஆனால் ஒவ்வொன்றும் அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைதான். அதற்கு மேல் நீளம் இருந்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளுமாம். எனாமல் பேசினில் விரற்கடை அளவு தண்ணீர் விட்டுக் கரண்டியும் கொட்டாங்கச்சியும் கொடுப்பாள். அந்த ஆட்டம் முடிந்ததும் பிள்ளையைத் துடைப்பதற்கு முன்னாலேயே தண்ணீரைக் கொட்டிப் பேசினைக் கவிழ்த்துவிடுவாள். தெம்பாயான் மேல் எப்போதும் பலகை மூடி, மூடி மேல் அம்மிக் குழவி.

இதெல்லாம் ஒரு வித்தையா என்று நினைத்தேன். பால் டின், கொட்டாங்கச்சி, கந்தல் துணி! நம் பிள்ளைக்கு நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று என் வீட்டுக்காரரை அரித்தெடுத்து, டவுனிலிருந்து ஒரு செல்லுலாய்ட் பொம்மை வாங்கிவரச் சொன்னேன். நீலக் கண், சிவப்பு உதடு, வெள்ளைக்காரப் பொம்மை. மறுநாள் அதையும் சரசுவோடு சேர்த்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் பிள்ளைக்கு நானும் கொடுக்கிறவள்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

"அழகா இருக்கு," என்றாள். சொல்லிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் பொம்மையின் கண்ணை ஒரு நெம்பு நெம்பினாள். பொட்டென்று கண் தெறித்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. எழுந்து போய்க் காப்புக்குள் விட்டாள். வழுக்கிக்கொண்டு போனது. பொம்மையும் அதன் கண்ணும் மேல் பலகைக்குப் போய்விட்டன.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சரசு என்ன செய்தாள் என்கிறீர்கள்? பொம்மையைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைக் கசக்கிக் கசக்கிச் சத்தம் கேட்டுக் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தின் மூலை வாய்க்குப் போகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை யாருமே பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் நீலச் சோற்று விவகாரம். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் சரசுவின் விரலெல்லாம் நீலம். உதடு நீலம். நாக்கு நீலம். எனக்கு உயிரே போய்விட்டது. தோட்டத்தில் பாம்பு கடித்தவனைப் பார்த்திருக்கிறேன், விஷம் குடித்தவளைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான், ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு, "ஐயோ, என் பிள்ளை போச்சே!" என்று கத்திக்கொண்டே கிளினிக்குக்கு ஓடினேன். பாதித் தெரு என் பின்னால் ஓடி வந்தது. அவளும் ஓடி வந்தாள், கையில் ஒரு தட்டோடு.

கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரசர் நம்ம ஆள்தான். "என்னாம்மா ஆச்சு? என்னா சாப்பிட்டுச்சு?" என்று பதறிக்கொண்டு வந்தார். ஈரப் பஞ்சால் பிள்ளையின் விரலைத் துடைத்தார். பஞ்சு நீலமாகிவிட்டது. விரல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் அவள் மூச்சிரைக்க உள்ளே வந்து தட்டை நீட்டினாள். குழைய வேகவைத்த சோறு, பாதி வெள்ளை, பாதி நீலம். அதில் ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று, டிரசருக்கு முன்னால் 'ஆ' என்று நாக்கை நீட்டினாள். நீல நாக்கு!

டிரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "சங்குப்பூவும்மா இது! நம்ம வேலி ஓரமா பூத்துக் கிடக்குதே, அதே பூதான். இந்த ஊர்ல பலகாரத்துக்கெல்லாம் இந்தச் சாயம்தான் போடுவாங்க. ஒண்ணும் பண்ணாது, போங்க."

சங்குப்பூவை நான் சாமிக்குத்தான் போட்டிருக்கிறேன், சோற்றில் போட்டதை எங்கே கண்டேன்? வாசலில் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். "பிசையறதுக்குக் கொடுத்தேன் அடிக். வாயில போட்டாலும் தொண்டையில நிக்காது, கரைஞ்சு போயிடும். நான் சாப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்," என்று தணிந்த குரலில் சொன்னாள்.

"எங்க வீட்டுல சோத்துல விளையாட விட மாட்டோம், காக்! அது பாவம்!" என்று கத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் சரசு என் தோளுக்கு மேலே எட்டி, பின்னால் வருகிறவளைப் பார்த்து, "பீபீ, பீபீ" என்றாள். அவர்கள் வீட்டில் சின்னம்மா, அத்தைமாரை பீபீ என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் என் பிள்ளை என்னை அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டது கிடையாது. நெஞ்சில் யாரோ ஊசியை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து சரசுவை அனுப்பவில்லை. அவள் என்ன பெரிய மாயக்காரியா, அவள் செய்ததை நான் செய்ய முடியாதா? மெஷினைச் சுவர் ஓரமாகத் தள்ளினேன். தரையைக் கூட்டிப் பெருக்கி, காந்தத்தை வைத்துத் துழாவி, ஊசி ஒன்றுகூட இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பால் டின், மரக்கரண்டி, துணிக் கீற்று, பேசினில் விரற்கடைத் தண்ணீர், எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்து பரப்பினேன். எதிரில் உட்கார்ந்தேன்.

சரசு கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தாள். நேராக்கிக் கொடுத்தேன். டின்னை அடித்தாள், மெதுவாக. "இப்படிடா கண்ணு, இப்படி," என்று அவள் கையைப் பிடித்து ஓங்கி அடித்துக் காட்டினேன். துணியை உள்ளே திணித்தாள். பாதி வெளியே நின்றது, முழுதாகத் திணித்துவிட்டேன். அவள் கரண்டியை வீசி எறிந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலா இது? நீதான் விளையாடிக்கிட்டு இருக்க, பாப்பா உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்கு!" என்றார்.

"நீங்க சோத்தைத் தின்னுட்டுக் கடைக்குப் போங்க," என்றேன். கையைத் தொடைக்குக் கீழே வைத்தும் பார்த்தேன். வைத்த கை ஒரு நிமிஷம் அங்கே இருந்தால்தானே! எனக்கே தெரியாமல் வெளியே வந்து பிள்ளையின் மூக்கைத் துடைத்தது, முடியை ஒதுக்கியது, சட்டையை இழுத்துவிட்டது. என் கை அப்படிப்பட்டது, நான் என்ன செய்ய? சரசு தவழ்ந்து போய்க் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எதிர்வீட்டைப் பார்த்தாள். நாளெல்லாம் அதே பார்வை.

கடைசியில் எதிர்வீட்டுக்காரியே வந்தாள். பிள்ளை தட்டுகிற அந்த டின்னும் கரண்டியும் கையில் இருந்தன. "இது அவளோடது. இங்கேயே இருக்கட்டும்னு கொண்டாந்தேன்," என்று வாசலிலேயே வைத்தாள். சரசு அவளைக் கண்டதும் துள்ளிய துள்ளலைப் பார்த்து எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாமே உங்க வீட்டுலதான் நடக்குது காக்! கை தட்டினாளா, உங்க வீட்டுல. தண்ணி குடிச்சாளா, உங்க வீட்டுல. பேசினது உங்க பேரை. எனக்குன்னு என்ன இருக்கு? பீத்துணி துவைக்கிறது மட்டும்தான் எனக்கா?" என்று அழுதுகொண்டே கேட்டேன். "நடக்கிறதாவது எனக்கு வேணும். முதல் அடி என்னைப் பார்த்துத்தான் எடுத்து வைக்கணும். அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா என்னால தாங்க முடியாது, சொல்லிட்டேன்!"

யார் கையில் இருக்கிறது அது? பிள்ளை எங்கே எழுந்து நடக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அவள் அப்படியெல்லாம் என்னிடம் நியாயம் பேசவில்லை. "சரி அடிக்," என்றாள். அவ்வளவுதான்.

தையல் தலைக்கு மேல் கிடந்தது. வீட்டில் பிள்ளையைக் கட்டிப்போட இப்போது எனக்கே மனசு வரவில்லை. மறுநாள் அனுப்பிவிட்டேன். ஆனால் தினம் மத்தியானம் முதல் கேள்வி அதுதான். "நடந்தாளா காக்?"

"பெலோம்," என்பாள். இன்னும் இல்லை.

சரசு அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்திருந்தாள். அவர்கள் வீட்டில் ஒரு கனமான மர முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகப் பழக்கியிருந்தாள் அவள். சாமான் நகர நகரப் பிள்ளையும் நகரும். வழியில் கிடக்கிற மிதியடி, ஈரத்துணி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தன் இடத்தில், தன் கைகளின் மேல் உட்கார்ந்துகொள்வாள். எனக்கு ஒவ்வொரு நாளும் நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி. மெஷினை மிதித்துக்கொண்டே காதை எதிர்வீட்டில் வைத்திருப்பேன். அங்கே யாராவது கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், கால் நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் புதிதாக ஒரு பழக்கம் பிடித்தாள். நான் போய்க் கூட்டிவரும் வரை காத்திருப்பதில்லை. அவளே சரசுவைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவாள். "நீ தைச்சு முடி, நான் கொண்டாந்துட்டேன்," என்பாள். பிள்ளையைத் தூக்கவே தூக்காதவள், இப்போது இரண்டு கையாலும் மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டு வருகிறாள்! சரசு கீழே இறங்கக் காலை உதைத்தாலும் விட மாட்டாள். நேராக என் இடுப்பில் வைத்துவிட்டுத்தான் போவாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தனை நாள் இல்லாத கொஞ்சல் இப்ப என்ன? கடைசியில என் பிள்ளையை முழுசாவே எடுத்துக்கப் போறாளா?" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"நடந்தாளா காக்?"

"பெலோம், அடிக்."

ஒரு மத்தியானம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "இன்னைக்கு சாயங்காலம் மெஷினை மூடி வெச்சிடு. நாற்காலியைப் பிடிச்சு நிக்கவெச்சிட்டு நீ கொஞ்சம் தள்ளித் தரையில உட்காரு. கூப்பிடாத. கையை நீட்டாத. சும்மா பார்த்துக்கிட்டு இரு," என்றாள்.

இவள் யார் எனக்குச் சொல்ல என்று முறுக்கிக்கொண்டேன். இருந்தாலும் சாயங்காலம் ஆனதும் உட்கார்ந்தேன். சரசு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் கீழே செருகி, முழு உடம்பையும் அதன் மேல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கை மரத்துப்போயிற்று. சரசு நாற்காலியை விட்டாள். ஒரு அடி. நின்றாள். இன்னொரு அடி. அப்புறம் தடதடவென்று வந்து என் மேல் விழுந்தாள். விழுந்த வேகத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு நான் அழுத அழுகையைக் கேட்டு, என்னமோ ஏதோ என்று பக்கத்து வீட்டில் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பிள்ளை நடந்தால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கம் கொடுப்பது என் அம்மா வீட்டு வழக்கம். மறுநாள் விடிந்ததும் அரிசி ஊறப்போட்டேன். முதல் தட்டு யாருக்கு? எதிர்வீட்டுக்குத்தான். அப்படி ஒரு நடை நான் என் கல்யாணத்தன்றுகூட நடந்ததில்லை.

"காக்! நடந்துட்டா! எங்க வீட்டுல! என்னைப் பார்த்து!"

"அலாமாக்!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நிஜமாவா? எப்போ? எப்படி?"

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன். அவளுடைய இரண்டாவது மகள், பள்ளிக்கூடச் சட்டையோடு அம்மாவின் பக்கத்தில் நின்றவள், என்னமோ சொல்ல வாயைத் திறந்தாள். தாய்க்காரி ஒரு முழுக் கொழுக்கட்டையை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தாள். பிள்ளைக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் எத்தனையோ வருஷம் அதைச் சொல்லியிருக்கிறேன். கோயிலில், கல்யாண வீட்டில், பாசாரில், யாராவது ஒரு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன். அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான் ரொம்பவும் நீட்டிச் சொல்லுவேன். "எல்லாம் காக்கோட வீட்டுலதான் செஞ்சா, ஆனா நடந்தது மட்டும் என்கிட்ட!" என்பேன். அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள். முதல் தடவை கேட்கிற மாதிரியே, "எத்தனை அடி வெச்சா அடிக்?" என்று கேட்பாள்.

அவள் போய்ச் சேர்ந்த வருஷத்துக்கு மறுவருஷம், அந்த இரண்டாவது மகள் தன் பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்கு ஒரு வயது. அம்மாவின் பழைய சாரோங்கை வெட்டிப் பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையன் மெஷின் காலைப் பிடித்து எழுந்து நின்றான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க சரசுவும் இப்படித்தான் நாற்காலியைப் பிடிச்சு நின்னா..." என்று தொடங்கினேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "மாக்சிக், அம்மாதான் போயிட்டாங்களே. இனிமே சொன்னா என்ன," என்றாள். சின்னம்மா ஸ்தானத்தில் இருக்கிறவர்களை அவர்கள் மாக்சிக் என்பார்கள். "சரசு அதுக்கு முன்னாடியே எங்க வீட்டுல நடந்துட்டா. ஒரு வாரம் இருக்கும். அன்னைக்கு எங்களுக்கு ஸ்கூல் லீவு. நாங்க கை தட்டிக் கூச்சல் போடப் பார்த்தோம். அம்மா எங்க வாயைப் பொத்தினாங்க. மூணு பேரையும் சாமி படத்துக்கு முன்னால நிக்கவெச்சு, வெளியில சொல்ல மாட்டோம்னு சத்தியம் வாங்கினாங்க. மத்தியானம் ஆனா அம்மாவுக்குப் பயம் வந்துடும். நீங்க வந்து நிக்கிறப்ப அவ பாட்டுக்கு நடந்து வந்துட்டா? அதான் தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க. இறக்கியே விட மாட்டாங்க, உங்க இடுப்புல வைக்கிற வரைக்கும்."

எல்லாரும் இந்த இடத்தில் கண் கலங்கி, என்ன மனுஷி என்று சொல்வார்கள். எனக்கு அது வரவில்லை. எனக்கு வந்தது வேறு.

"எங்கேயிருந்து நடந்தா? சொல்லு," என்றேன். "யாரைப் பார்த்து?"

"தெம்பாயானைப் பிடிச்சு நின்னா. அம்மா மணையில உட்கார்ந்திருந்தாங்க. அம்மாவைப் பார்த்துத்தான்."

"உங்கம்மா கையை நீட்டினாங்களா?"

"இல்ல. அவங்க எப்பவும் போல கை மேலதான் உட்கார்ந்திருந்தாங்க. அவ வந்து மடியில விழுந்த பிறகுதான் கையை எடுத்தாங்க."

"சிரிச்சாளா, பிள்ளை?"

"சிரிச்சா."

"அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தா?"

"அதெல்லாம் யாருக்கு மாக்சிக் ஞாபகம்?"

அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும், அந்த மகராசிக்கு. இவளுக்கு இல்லை. சரசுவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று இந்தப் பெண்ணிடம் நானும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன். அந்த மகராசி இப்போது உயிரோடு இருந்தால் நேரே போய்ச் சண்டை போட்டிருப்பேன். என்னிடம் மறைத்ததற்காக இல்லை, பார்த்ததற்காக.